ஒரு துணைக்கால் தூரம்

மணாலிக்குப் போறோம் என்றதும்
ரேஷன் கடை வரிசையே சிரித்தது.
"அங்கதானே கீற, இன்னும் எங்க போற?"
சர்க்கரைப் பையின் மேல் எழுதிக் காட்டினேன்:
மணலி. மணாலி.
நடுவில் ஒரு துணைக்கால்.
அந்தக் காலை எடுத்து வைக்க
பதினேழு வருஷமும்
ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டும் ஆகியிருந்தது எங்களுக்கு.

சென்ட்ரலில் ராத்திரி பத்துக்கு எடுத்த வண்டி
பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை என்று முனகி
திருவொற்றியூர் பக்கம் கொஞ்சம் நின்றது.
தேசிங்கு என் தோளைத் தட்டி
இருட்டில் மேற்கே காட்டினார்.
ரிஃபைனரிக் குழாயின் உச்சியில் தீ.
"நம்ம அடுப்பு. எரியுது பாரு."
எதிர் சீட்டு அம்மாள் திருநீறு பூசிக்கொண்டிருந்த நேரம்
நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே போனோம்
எண்ணூர் மறைக்கிற வரை.

செங்கோட்டைக்குப் போனது திங்கட்கிழமை.
லீவாம்.
சாத்திய கதவு முன்னால் நின்று எடுத்த போட்டோவில்
எங்களைவிடப் பூட்டு தெளிவாக விழுந்திருக்கிறது.
நாடாளுமன்றத்தை ஓடும் ஆட்டோவிலிருந்து பார்த்தோம்.
இந்தியா கேட்டில் போகிப் பண்டிகை விடிகாலை போல மூட்டம்,
மேல்பாதியைக் காணோம்.
"இங்கயும் பிளாண்ட் இருக்கா?"
வேர்க்கடலைக்காரனிடம் அவர் தமிழிலேயே கேட்டார்.
அவன் இன்னொரு பொட்டலம் மடித்துக் கொடுத்தான்.

கரோல்பாக்கில் எனக்கு மெரூன் ஸ்வெட்டர்.
பேரம் முழுக்க விரலால்.
ஜெயித்தது யாரென்று இன்னும் தெரியாது.

ராத்திரி பஸ். வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழம்.
விடிந்தபோது ஜன்னலை அடைத்துக்கொண்டு மலை.

பனிக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை,
கோட்டும் கம்பூட்ஸும் வாடகைக்கு.
அவர் கம்பூட்ஸைத் தொடவில்லை.
"இத்தப் போட்டுக்க அவனுங்க எனக்குக் காசு தரானுங்க.
நான் குடுத்துப் போடணுமா?"
கேன்வாஸ் ஷூவோடு வீராப்பாக நடந்தார்.
பத்தாவது அடியில் திரும்பி வந்தார்.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன்.
கம்பூட்ஸ் போட்டதும் அவர் வேறு ஆளாக நடந்தார்.
பாதம் முழுதாக ஊன்றி,
முழங்காலை மடக்காமல்,
கீழே கிடப்பது எதுவும் மேலே தெறிக்காதபடி
மெதுவாக.
எதிரில் ஏதோ குழாய் இருப்பதுபோலத்
தலையை ஒருமுறை தாழ்த்திக்கூடக் கொண்டார்.
அங்கே வானம்தான் இருந்தது.

பதினேழு வருஷமாக என் கண்
கம்பெனி கேட்டோடு நின்றுவிடும்.
உள்ளே அவர் எப்படி நடப்பார் என்று
ஆறாயிரம் அடி மேலே வந்துதான் தெரிந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை.
"காசிமேட்டு ஐஸ் மாதிரியே இருக்கு,
வஞ்சிரம்தான் இல்ல" என்றேன்.
குனிந்து ஒரு பிடி அள்ளி
நிஜமாகவே தேடினார் மனுஷன்.

அன்றிரவு இரண்டு மணிக்கு
கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.
"காத்துல எதுவுமே இல்ல.
என் மூக்கு போச்சா?"
லைட்டைப் போட்டு
சோப்பை முகர்ந்தார், தலையணையை முகர்ந்தார்,
என் ஸ்வெட்டரில் அந்துருண்டை வாசனை கிடைத்தபின்
படுத்தார்.
எனக்கு விடியும்வரை தூக்கம் வரவில்லை.

திரும்பி வரும்போது
அத்திப்பட்டு தாண்டியதும் அந்த நெடி.
எதிரில் ஒரு குழந்தை மூக்கைப் பொத்தியது.
இவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்,
இன்னும் அரை மணி இருந்தும்.

மறுநாள் காலை ஷிஃப்ட்.
அக்ரூட் பொட்டலத்தை யார் யாருக்கு என்று
எண்ணிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்:
உள்ள போனதும் கம்பூட்ஸை எங்கேருந்து எடுப்ப?

விநோதமாகப் பார்த்தார்.
இதுவரை யாரும் கேட்டதில்லைபோல.
"நாலாவது ரேக்கு," என்றார்.
பிறகு, வாசல்வரை போய்த் திரும்பி,
"ஜன்னலோரம்."